பாலினச் சமத்துவ ஆலோசனைச் சேவை: ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் ஓராண்டு

கோயம்புத்தூர் வட்டாரத்தின் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு இப்போது ஒரு வகை ஆலோசனைச் சேவை விற்கப்படுகிறது. பாலினச் சமத்துவக் கொள்கையை எழுதித் தருவது, உள்ளகப் புகார்க் குழுவை அமைத்துப் பயிற்றுவிப்பது, தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுப்பது, இயந்திரங்கள் ஓடும் உற்பத்திக் கூடமான ஷாப் ஃப்ளோரைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைச் சொல்வது, ஆண்டு முடிவில் மதிப்பீட்டு அறிக்கை தருவது ஆகிய ஐந்தையும் ஒரே ஒப்பந்தமாகக் கட்டித் தருகிறார்கள். நான் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் தொழிற்சாலை, 2023ஆம் ஆண்டின் நடுவில் இத்தகைய சேவை ஒன்றை ஓராண்டுக்கு எடுத்தது. புகார்க் குழுவின் தலைவர் பொறுப்பில் நான் இருந்ததால், அதை ஒருங்கிணைக்கும் வேலையும் என்னிடமே வந்து சேர்ந்தது. இதே சேவையை எடுக்கலாமா என்று யோசிக்கும் பிற தொழிற்சாலையினருக்குப் பயன்படட்டும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சேவை தந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் ஒரு சிஎன்சி இயந்திரத்தின் ஓராண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆகும் தொகையை ஒட்டியே இதற்கும் செலவானது. அதில் பாதி, ஷாப் ஃப்ளோரைச் சுற்றிப் பார்த்த ஒரே ஒரு காலைப்பொழுதில் திரும்பி வந்துவிட்டது. இன்னொரு கால்பங்கு புகார்க் குழுவுக்கு அளித்த பயிற்சியில் ஈடாகிவிட்டது. மிச்சமுள்ள கால்பங்குக்கு எங்களிடம் இருப்பவை அழகாக அச்சிட்ட காகிதங்கள்.

நாங்கள் இதை எடுத்ததற்குக் காரணம் கொள்கைப் பிடிப்பு அன்று. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய தணிக்கைப் படிவத்தில் பாலினச் சமத்துவம் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது. அதில் பெரும்பாலான கட்டங்களுக்கு எங்களால் ‘ஆம்’ என்று எழுத முடியவில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. எங்களிடமும் குழு இருந்தது, அறிவிப்புப் பலகையில். அதில் பெயர் இருந்த இருவர் வேலையைவிட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

முதலில் வந்து சேர்ந்தது கொள்கை ஆவணம். இந்தச் சேவையிலேயே மோசமான பகுதி இதுதான். ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக எழுதியதைப் பெயர் மாற்றி அனுப்பியிருந்தார்கள் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்தது. அலுவலகக் கொண்டாட்டங்களில் மது அருந்துவது பற்றியும், வாடகைக் காரில் வீடு திரும்புவது பற்றியும் பத்தி பத்தியாக இருந்தது. ஷிப்ட், லைன், டூல் ரூம், ஒப்பந்தத் தொழிலாளர், அப்ரண்டீஸ் ஆகிய சொற்களில் ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சி பெறுபவர், அப்ரண்டீஸ் அனைவரையும் பணியாளர் என்ற வரையறைக்குள் சட்டமே வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. எங்கள் அசெம்பிளிப் பிரிவிலோ, நிரந்தரப் பணியில் உள்ள பெண்களைவிட அப்ரண்டீஸ் பெண்களே அதிகம். இதைச் சுட்டிக்காட்டிய பிறகு திருத்திக் கொடுத்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

தமிழாக்கம் அதைவிடக் கொடுமை. ‘பாலின உணர்திறன்மயமாக்கல் இடையீடுகள்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அசெம்பிளியில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் அதைக் காட்டி என்ன புரிகிறது என்று கேட்டேன். ‘ஏதோ இன்ஜெக்ஷன் போடற மாதிரி இருக்குதுங்க மேடம்’ என்றார். கடைசியில் நானும் மனிதவளத் துறையைச் சேர்ந்த ஒரு தம்பியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தில், பேச்சுக்கு அருகில் உள்ள தமிழில் அதைத் திரும்ப எழுதினோம். இப்போது கேன்டீன் சுவரில் ஒட்டியிருப்பது அந்த இரண்டு பக்கம்தான்.

புகார்க் குழுவுக்கான பயிற்சி வேறு தரத்தில் இருந்தது. தொழிலாளர் வழக்குகளில் நீண்ட அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞர் இரண்டு நாட்கள் வந்தார். திரையில் எதையும் காட்டாமல், ஒரு கற்பனைப் புகாரை எங்கள் கையில் கொடுத்து, விசாரிக்கச் சொன்னார். நாங்கள் செய்த தவறுகள் ஒவ்வொன்றும் அங்கேயே வெளிப்பட்டன. புகார் கொடுத்தவரையும் எதிர்த்தரப்பினரையும் ஒரே அறையில் உட்காரவைத்தோம். ‘அவர் நல்ல மனிதர்தானே’ என்று ஓர் உறுப்பினர் விசாரணைக்கு நடுவிலேயே சாட்சி சொன்னார். சமரசம் பேசிவிடலாம் என்று நானே அவசரப்பட்டேன். புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால்தான் சமரசப் பேச்சைத் தொடங்கலாம், அந்தச் சமரசம் பணத்தை அடிப்படையாகக் கொண்டு இருக்கக்கூடாது என்று சட்டத்தில் இருப்பதை அன்றுதான் உறைக்கும்படி அறிந்தேன். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழுவே அந்தக் காலத்தை மேலும் 3 மாதங்கள் வரை நீட்டிக்கலாம், விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுக்களை எல்லாம் வெறும் எண்களாக ஒப்பிக்காமல், ஒரு நாட்காட்டியைக் கொடுத்து, எந்தத் தேதியில் எந்தக் கடிதம் போக வேண்டும் என்று எங்களையே குறிக்கச் சொன்னார்.

குழுவில் வெளி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றுவது சிறிய ஊர்களில் எவ்வளவு சிரமம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. விதிகளின்படி, தொண்டு நிறுவனத்திலிருந்து வரும் உறுப்பினருக்கு ஒரு நாள் படி 200 ரூபாய். அதற்கு மேல் பயணச் செலவு. அந்தத் தொகைக்கு வழக்கு விவரங்களைப் படித்து, ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து கேட்கக்கூடியவரைத் தேடுவது எளிதன்று. சேவை நிறுவனம் தன் ஊழியரையே வெளி உறுப்பினராகத் தர முன்வந்தது. எங்களிடம் பணம் வாங்கும் ஒருவர் எங்கள் நிர்வாகத்தின் மீதான புகாரை எப்படி விசாரிப்பார் என்று நான் கேட்டேன். அந்த வழக்கறிஞரே என் பக்கம் பேசினார். இத்தகைய சேவையை எடுக்கும் பலரும் இந்த இடத்தில் வசதியைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார்கள் என்று அவர் சொன்னது எனக்கு வியப்பாக இல்லை.

தொழிலாளர் வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேன்டீனில், ஷிப்ட் மாறும் நேரத்தில், முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் பேசவில்லை. இரண்டாவது சுற்றில் தனித்தனியாக வைத்தபோது சற்றுப் பரவாயில்லை.

இனி அந்தக் காலைப்பொழுதுக்கு வருகிறேன். ஷாப் ஃப்ளோரைச் சுற்றிப் பார்க்க வந்தவர் முன்பு ஒரு வால்வு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பொறியாளராக இருந்தவர். முதல் ஷிப்ட் 6 மணிக்குத் தொடங்கும், அவர் 5.40க்கே வாயிலில் நின்றார். பெண்கள் எதில் வருகிறார்கள், எவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள், செக்யூரிட்டி அவர்களுடைய பையை எப்படிச் சோதிக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்றார். கையில் ஒரு நோட்டும் ஒரு டேப்பும் மட்டும் இருந்தன. அடுத்த நான்கு மணி நேரத்தில், பதினேழு ஆண்டுகளாக நான் தினமும் நடக்கும் இடத்தில் நான் பார்க்காதவற்றை எல்லாம் பார்த்தார்.

அசெம்பிளியிலிருந்து பெண்கள் கழிப்பறைக்கு நடந்து போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று தானே நடந்து கணக்கிட்டார். லைனில் மாற்று ஆள் நிற்க அனுமதிக்கப்பட்டிருந்த நேரம் அதற்குப் போதவில்லை. மேலும் அந்தக் கழிப்பறையின் சாவி ஆண் சூப்பர்வைசரின் மேசையில் இருந்தது. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதாகப் பெண்கள் அவரிடம் சொன்னார்கள். என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை; என் அலுவலக அறைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது.

அடுத்து, காலணி. எங்கள் ஸ்டோர்ஸில் பாதுகாப்புக் காலணி கேட்டு எழுதும் இண்டென்ட் படிவத்தில் அளவுகள் 6இல் தொடங்கி 11 வரை அச்சிடப்பட்டிருந்தன. 4, 5 அளவுள்ள பெண்கள் இரண்டு காலுறைகளைப் போட்டுக்கொண்டு 6ஐ அணிந்தார்கள். ஆண்களுக்கான அச்சில் வார்த்த காலணி குதிகாலில் அகலமாக இருப்பதால் நடக்கும்போது கழலும். விரல்களைக் காக்க வேண்டிய இரும்பு உறை விரல்களுக்கு முன்னால் வெறும் இடத்தைக் காத்துக்கொண்டிருக்கும். ஓவர்கோட்டும் அப்படித்தான். ஆண்களின் அளவில் தைத்ததன் கைகளை மடித்து மடித்து மேலே ஏற்றியிருந்தார்கள். சுழலும் டிரில்லுக்குப் பக்கத்தில் தொளதொளப்பான கை எவ்வளவு ஆபத்து என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படிவத்தைப் பார்த்தபோது எனக்கு அ. லலிதாவின் நினைவு வந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943இல் மின்பொறியியல் முடித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானவர் அவர். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்த நிலையில் படிக்கச் சேர்ந்தவர். அவருடைய பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்ற பொருளில் அச்சிடப்பட்டிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, ‘அவள்’ என்பதற்கான சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது, படிவம் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கள் ஸ்டோர்ஸிலும் சிலர் 6 என்பதை அடித்துவிட்டுப் பேனாவால் 5 என்று எழுதியிருந்தார்கள். அந்த அளவு கொள்முதல் செய்யப்படாததால் 6ஏ கொடுத்து அனுப்பப்பட்டார்கள். வகுப்பில் காட்டிய படங்களில் லலிதாவின் புகைப்படமும் இருந்தது. ஒரு நொடியில் அதைக் கடந்து அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

சுற்றின் முக்கியமான கண்டுபிடிப்பு சிஎன்சி பிரிவில் நடந்தது. அங்கே அப்போது நான்கு பெண்கள் இயந்திரம் ஓட்டினார்கள். அவர்களில் ஒருவரிடம், ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு வேலை மாறும்போது டூல் ஆஃப்செட்டை, அதாவது வெட்டுக்கருவியின் நிலையைச் சொல்லும் அளவுகளை, இயந்திரத்தில் யார் போடுவார்கள் என்று வந்தவர் கேட்டார். ‘அண்ணா வந்து செட் பண்ணிக் குடுத்துருவாருங்க, நாங்க சைக்கிள் ஸ்டார்ட் மட்டும் கொடுப்போமுங்க’ என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆண்டு கழித்து வேலைக்குச் சேர்ந்த ஆண் டிப்ளமோக்காரர் பக்கத்து இயந்திரத்தில் செட்டிங் பழகிக்கொண்டிருந்தார். உடனே சுற்றிப் பார்க்க வந்தவர் வேலை ஒதுக்கீட்டுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஆறு மாதப் பக்கங்களைப் புரட்டினார். இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்து கொடுப்பவரைக் குறிக்கும் செட்டர் பத்தியில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை.

வெளியாருக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இயந்திரத் தொழிற்சாலையில் ஆபரேட்டர், செட்டர், லைன் லீடர், சூப்பர்வைசர் என்று போகும் ஏணியில் செட்டர்தான் இரண்டாவது படி. அதில் கால் வைக்காதவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் ஆபரேட்டராகவே இருப்பார். ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஒரே ஊதியம் தர வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. எங்கள் ஊதியப் பட்டியலில் அந்தச் சட்டத்தை மீறிய ஒரு வரிகூடக் கிடையாது. பெண் ஆபரேட்டருக்கும் ஆண் ஆபரேட்டருக்கும் ஒரே தொகை. ஆண்கள் மூன்றாம் ஆண்டில் ஆபரேட்டராக இருப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஏன் பெண்களுக்குச் செட்டிங் தரவில்லை என்று கேட்டபோது சூப்பர்வைசர்கள் மூன்று காரணங்கள் சொன்னார்கள். மூன்றையும் அவர் அங்கேயே நின்று அவிழ்த்த விதத்துக்காகவே இந்தச் சேவைக்குக் கூடுதல் மதிப்பெண் தருவேன். முதல் காரணம், பாகத்தை இயந்திரத்தில் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரின் எடை. எடைபோட்டுப் பார்த்தால் ஆண்களுக்கும் அது தூக்கக்கூடாத எடையாகவே இருந்தது. முதுகு வலிக்காக அடிக்கடி விடுப்பு எடுத்த இரண்டு செட்டர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். எடையைத் தூக்கும் ஒரு சிறிய ஹாய்ஸ்ட் வைத்தால் தீரும் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது, இரவு ஷிப்ட். இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கச் சட்டம் அனுமதிக்காது என்றார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் அப்படி ஒரு தடை இருந்தது உண்மை. சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே அது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்தத் தடையை நீக்கி, போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளோடு பெண்களை இரவில் வேலைக்கு வைக்கலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. நிபந்தனைகளை நிறைவேற்றச் செலவாகும் என்பதால், நீக்கப்பட்ட தடை எங்கள் ஊர்ப்பக்கத் தொழிற்சாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பெண்ணின் சம்மதத்தோடு இரவுப் பணியை அனுமதிக்கிறது. ஆகவே இந்தக் காரணம் இனிச் செல்லாது.

மூன்றாவது காரணம் என் துறையையே தொட்டது. ஓடும் இயந்திரத்தைப் பெண்கள் துடைக்கவோ, எண்ணெய் இடவோ, சரிசெய்யவோ கூடாது என்று அதே தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்லியிருந்தது. அதைக் காட்டித்தான் பராமரிப்பு வேலையும் செட்டிங்கும் பெண்களுக்கு ஆகாது என்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லி வந்தார்கள். வந்தவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ஓடும் இயந்திரத்தில் ஆண்கள் மட்டும் கையை விடலாமா? மின் இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்ட பிறகே எவரும் தொட வேண்டும் என்ற லாக்கவுட் நடைமுறை எங்கள் சுவரிலேயே எழுதியிருக்கிறது. அதைக் கடைப்பிடித்தால் 22ஆம் பிரிவு தடுப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது. அவசரத்துக்கு இயந்திரத்தை நிறுத்தாமல் பெல்ட்டைச் சரிசெய்யும் எங்கள் பழக்கத்தைத்தான் நாங்கள் சட்டத்தின் பெயரால் ஆண்களின் வேலை என்று அழைத்துக்கொண்டிருந்தோம். பராமரிப்புத் துறையில் இருந்துகொண்டு இதை நான் இத்தனை நாள் யோசிக்காமல் இருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தச் சுற்றுக்குப் பிறகு, மூன்று மாதங்களுக்குள் சில மாற்றங்கள் நடந்தன. கழிப்பறைக் கதவின் பூட்டு எடுக்கப்பட்டது. 4, 5 அளவுகளில் பெண்களுக்கான அச்சில் வார்த்த காலணிகள் வந்தன. விலை வேறுபாடு மிகக் குறைவு, கேட்டதும் விற்பனையாளர் கொடுத்துவிட்டார், இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய பதில். ஹாய்ஸ்ட் வைத்தபின் முதலில் நன்றி சொன்னவர்கள் அந்த முதுகுவலிக்காரர்கள். இரண்டு பெண்கள் செட்டிங் பயிற்சியில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் இப்போது தனியாக முதல் பீஸ் எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார். இன்னொருவருக்குத் திருமணமாகி, மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 26 வாரங்கள் ஊதியத்தோடு கூடிய விடுப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது பழைய இயந்திரத்துக்கா, செட்டிங்குக்கா என்ற கேள்விக்கு எங்கள் கொள்கை ஆவணத்தில் விடை இல்லை.

சேவையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஆறு மாதம் கழித்து இரண்டாவது சுற்று உண்டு என்று எழுதியிருந்தது. அந்த முன்னாள் தர ஆய்வாளர் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்த இளைஞர், கைப்பேசியில் காணொலி அழைப்பிலேயே சுற்றிக் காட்டச் சொன்னார். நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லைன் லைனாக நடந்தேன். இயந்திரச் சத்தத்தில் அவர் சொன்னது எனக்கும், நான் சொன்னது அவருக்கும் கேட்கவில்லை. அவர் கேட்ட படங்கள் எல்லாம் சுவரில் ஒட்டிய அறிவிப்புகளின் படங்கள்.

ஆண்டு முடிவு அறிக்கை 64 பக்கம். அதில் எங்கள் தொழிற்சாலைக்கு 82 விழுக்காடு என்று மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டேன். கொள்கை இருக்கிறதா, குழு இருக்கிறதா, வகுப்பு நடந்ததா என்ற கேள்விகளுக்கே பெரும்பங்கு மதிப்பெண். செட்டர் பத்தியில் எத்தனை பெண்கள் என்ற எண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. முதல் சுற்றின் குறிப்புகளில் இருந்த வேலை ஒதுக்கீட்டுப் பகுதியும் இறுதி அறிக்கையில் இரண்டு வரியாகச் சுருங்கி, ‘வளர்ச்சி வாய்ப்புகள் மேம்படுத்தப்படலாம்’ என்று ஆகியிருந்தது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிக்கை என்பதால் மென்மையாக எழுதினோம் என்றார்கள். யாருக்காக எழுதப்பட்ட அறிக்கை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எடுக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: ஒப்பந்தத்தை மொத்தமாக வாங்காதீர்கள், பிரித்துக் கேளுங்கள். கொள்கையை உங்கள் ஆட்களை வைத்தே எழுதலாம். சட்ட வாசகத்தைச் சரிபார்க்க மட்டும் ஒரு வழக்கறிஞர் போதும். குழுப் பயிற்சிக்கு யார் வருகிறார் என்று பெயரைக் கேட்டு, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சுற்றிப் பார்க்க வருபவர் ஷாப் ஃப்ளோரில் வேலை செய்தவரா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். செட்டருக்கும் ஆபரேட்டருக்கும் வேறுபாடு தெரியாதவருக்கு எங்கள் பதிவேடு வெறும் பெயர்ப்பட்டியல்தான். இறுதி அறிக்கையில் மதிப்பெண் வேண்டாம், ஒதுக்கீட்டுப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்கள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால், குழந்தைகள் காப்பகத்தையும் அந்தச் சுற்றில் சேர்க்கச் சொல்லுங்கள். எங்களுடைய காப்பகம் பொருள் வைக்கும் அறையாக மாறியிருந்ததை முதல் சுற்றுக்கு வந்தவர்கூடத் தவறவிட்டார், நாங்களும் காட்டவில்லை.

இந்த ஆண்டு நாங்கள் முழு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறொரு நிறுவனத்திலிருந்து சுற்றை மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறோம். அதுவும் இரவு 2 மணிக்கு, செட்டிங் கற்ற பெண் மூன்றாம் ஷிப்டில் நிற்கும் நாளில் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பகல் சுற்றுக்கு மறுநாளே விலை அனுப்பினார்கள். இரவுச் சுற்றுக்கு, தங்கள் ஊழியர்களுக்குப் பாதுகாப்பான போக்குவரத்து நாங்கள் ஏற்பாடு செய்வோமா என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது.